பாதியில் நின்ற பந்துவீச்சு
ஹெட்லி வெரிட்டியின் வாழ்வும் அதில் நாம் கற்பதும்



நம் தீவகத்தில் கடற்கரை மணலிலும் பனங்காணி வெளிகளிலும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடாத மாலைப்பொழுது இல்லை. தென்னை மட்டையே துடுப்பு, நாட்டிய மூன்று தடியே விக்கெட். அந்தப் பிள்ளைகளுக்குப் பிரட்மனைத் தெரியும், முரளிதரனைத் தெரியும். ஆனால் பிரட்மனை டெஸ்ட் போட்டிகளில் வேறெவரையும்விட அதிக தடவை ஆட்டமிழக்கச் செய்தவர் யார் என்று நான் கேட்டால் வகுப்பில் மௌனமே பதிலாகக் கிடைக்கிறது. அவர் பெயர் ஹெட்லி வெரிட்டி. பிரட்மனை எட்டுத் தடவை வீழ்த்தியவர். சென்னை சேப்பாக்கத்தில் நடந்த முதலாவது டெஸ்ட் போட்டியில் 11 விக்கெட்டுகளைக் கைப்பற்றியவர். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து, போர்க்கைதியாக, 38 வயதில் இத்தாலியில் இறந்தவர்.

அவருடைய வாழ்வைப் பாடமாக எடுத்துக்கொள்ள எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. திறமை எப்படி உருவாகிறது என்பதை அது படிப்படியாகக் காட்டுகிறது. அந்தத் திறமையைப் போர் எப்படிப் பாதியில் அறுக்கிறது என்பதையும் காட்டுகிறது. இரண்டாவது செய்தி வடபுலத்தில் வாழும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றல்ல.

1. நிலக்கரி வணிகரின் மகன்

வெரிட்டி 1905 மே 18ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹெடிங்லி என்ற இடத்தில் பிறந்தார். புகழ்பெற்ற கிரிக்கெட் மைதானம் அமைந்திருப்பதும் அதே ஹெடிங்லியில்தான். தந்தை நிலக்கரி வணிகத்தில் இருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனும் அந்த வேலையில் சேர்ந்தார். ஆனால் மனம் யோர்க்‌ஷயர் மாகாண அணியில் ஆடுவதிலேயே இருந்தது.

அந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை. அப்போது யோர்க்‌ஷயரின் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளராக இருந்தவர் வில்பிரட் ரோட்ஸ். தம் வாழ்நாளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைக் கைப்பற்றிய ரோட்ஸ் 52 வயது வரை ஆடினார். ஆல மரம் நிற்கும் இடத்தில் இன்னொரு கன்று எப்படி வளரும்? வெரிட்டி பல ஆண்டுகள் அயல் மாகாணமான லங்காஷயரின் சிறு கழகங்களில் கூலிக்கு ஆடினார். முதலில் அக்ரிங்டன், பிறகு மிடில்டன். தொடக்கத்தில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். அந்தச் சிறு கழகங்களில் ஆடிய காலத்தில்தான் சுழற்பந்துக்கு மாறினார். ஏறத்தாழக் கற்ற ஒரு கலையை விட்டு இன்னொன்றை முதலிலிருந்து கற்பது இலகுவான காரியமல்ல. வயதும் இருபதைத் தாண்டியிருந்தது.

1930ஆம் ஆண்டு, தமது 25ஆவது வயதில், அவர் யோர்க்‌ஷயருக்கு முதன்முதலாக ஆடினார். அந்தப் பருவத்தோடு ரோட்ஸ் ஓய்வு பெற்றார். காத்திருந்தவருக்கு வாசல் திறந்தது. காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கியிருந்தால் அந்த வாசலால் பயன் எதுவும் இருந்திராது.

2. தொழில்முறை வீரர் என்றால் என்ன?

இங்கே மாணவியர் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அக்காலத்து இங்கிலாந்தில் கிரிக்கெட் வீரர்கள் இரண்டு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். வசதியான குடும்பத்தில் பிறந்து, ஊதியம் பெறாமல் பொழுதுபோக்காக ஆடியவர்கள் ஒரு வகுப்பு. ஊதியம் பெற்று அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் மறு வகுப்பு. இவர்களே தொழில்முறை வீரர்கள். பல மைதானங்களில் இரு வகுப்பாருக்கும் உடை மாற்றும் அறைகள் வேறு, ஆடுகளத்துக்குள் வரும் வாயில்கள் வேறு. அணித் தலைமை பெரும்பாலும் முதல் வகுப்பாருக்கே போகும். ஒரே அணியில் ஆடி, ஒரே வெற்றிக்கு வியர்வை சிந்தியவர்களுக்கு நடுவில் இந்தச் சுவர் நின்றது. 1962ஆம் ஆண்டிலேதான் இந்தப் பாகுபாடு அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது.

வெரிட்டி தொழில்முறை வீரர். கோடை காலத்து ஊதியமே அவருடைய குடும்பத்தின் ஆதாரம். எனவே அவருக்குப் பந்துவீச்சு பொழுதுபோக்காக இருக்கவில்லை. தச்சருக்கு உளி எப்படியோ, மீனவருக்கு வலை எப்படியோ, அவருக்குப் பந்து அப்படி.

3. பத்து ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகள்

1931 மே 18, வெரிட்டியின் 26ஆவது பிறந்தநாள். அன்று ஹெடிங்லியில் வோர்விக்‌ஷயர் அணியின் பத்து விக்கெட்டுகளையும் 36 ஓட்டங்களுக்கு அவர் ஒருவரே கைப்பற்றினார். ஒரு பந்துவீச்சாளரின் வாழ்நாளில் ஒருமுறை கூடக் கிடைக்காத பேறு அது. அடுத்த ஆண்டே அதைவிடப் பெரியது நிகழ்ந்தது.

1932 ஜூலை 12. அதே மைதானம். எதிரணி நொட்டிங்ஹம்ஷயர். பகல் உணவு இடைவேளையின்போது அவர்கள் விக்கெட் எதையும் இழக்காமல் 38 ஓட்டங்கள் எடுத்திருந்தார்கள். இடைவேளைக்குப் பின்னர் மேலும் 29 ஓட்டங்களே சேர்ந்தன. அதற்குள் பத்து விக்கெட்டுகளும் சரிந்து 67க்கு எல்லாம் முடிந்தது. வெரிட்டியின் கணக்கு இதுதான்: 19 ஓவர்களும் 4 பந்துகளும், ஓட்டமே கொடுக்காத ஓவர்கள் 16, கொடுத்த ஓட்டங்கள் 10, விக்கெட்டுகள் 10. அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளும் இதில் அடங்கும். முதல்தரப் போட்டிகளில் ஓர் இன்னிங்ஸில் மிகச் சிறந்த பந்துவீச்சு என்ற உலக சாதனை இன்றும் இதுவே.

இது எப்படி முடிந்தது? அதிர்ஷ்டம் என்று சொல்லி நாம் கடந்துவிடக் கூடாது. அக்காலத்தில் ஆடுகளத்தை மழைக்கு மூடி வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் இல்லை. மழையில் ஊறிய களிமண் தரையின் மேல் வெயில் அடிக்கும்போது மேற்பரப்பு காய்ந்து, உள்ளே ஈரம் தங்கி நிற்கும். அப்படிப்பட்ட தரையில் விழும் பந்து மண்ணைக் கவ்வித் திரும்பும். சில பந்துகள் திடீரென்று எழும்பும். சில தாழ்ந்து போகும். நல்ல சுழற்பந்து வீச்சாளருக்கு அது பொற்காலம். ஆனால் அதே தரையில் அன்று வேறு பந்துவீச்சாளர்களும் வீசினார்கள். அவர்களுக்குப் பத்து விக்கெட் கிடைக்கவில்லை. வெரிட்டியின் சிறப்பு, குறித்த இடத்தில் குறித்த அளவில் பந்தை மீண்டும் மீண்டும் விழுத்துவது. மற்றச் சுழற்பந்து வீச்சாளரைவிடச் சற்று வேகமாக வீசுவார். துடுப்பாட்டக்காரருக்கு முன்னே வருவதா பின்னே போவதா என்று தீர்மானிக்க நேரம் தரமாட்டார். மழை வாய்ப்பைத் தந்தது. அதைப் பயன்படுத்தும் கையைப் பல ஆண்டுப் பயிற்சி தந்தது.

4. சேப்பாக்கத்தில் வெரிட்டி

இங்கிலாந்து அணி 1933–34இல் ஜார்டின் தலைமையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுற்றுப்பயணம் வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அதுவே. மூன்றாவது போட்டி 1934 பெப்ரவரி 10ஆம் திகதி சென்னை சேப்பாக்கத்தில் தொடங்கியது. நம் கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டில் நடந்த முதல் டெஸ்ட் போட்டி அது.

இந்தியத் தரப்பில் சி. கே. நாயுடு தலைவர். அமர் சிங் முதல் இன்னிங்ஸில் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தி இங்கிலாந்தை 335க்குள் நிறுத்தினார். பதிலுக்கு வந்த இந்தியா வெரிட்டியிடம் சிக்கியது. 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். இந்தியா 145. இரண்டாவது இன்னிங்ஸில் மேலும் 4 விக்கெட்டுகள். இங்கிலாந்து 202 ஓட்டங்களால் வென்றது. மழையில் ஊறிய யோர்க்‌ஷயர் மண்ணில்தான் இவருடைய வித்தை பலிக்கும் என்று எண்ணியவர்களுக்குச் சேப்பாக்கத்து வெயில் பதில் சொன்னது.

அதே ஆண்டு ஜூனில் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 104 ஓட்டங்களுக்கு 15 விக்கெட்டுகள். அதில் 14 விக்கெட்டுகள் ஜூன் 25ஆம் திகதி ஒரே நாளில் விழுந்தவை. இரண்டு இன்னிங்ஸிலும் பிரட்மன் அவருக்கே விக்கெட்டைப் பறிகொடுத்தார். இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் லோர்ட்ஸில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவை வென்றது அந்த ஒரு முறைதான்.

வெரிட்டி யோர்க்‌ஷயருக்கு ஆடிய பத்துப் பருவங்களில் அந்த அணி ஏழு முறை மாகாணக் கிண்ணத்தை வென்றது. 1938இல் ஓவல் மைதானத்தில் இளைஞரான லென் ஹட்டன் 364 ஓட்டங்கள் என்ற அன்றைய உலக சாதனையை நோக்கி நாட்கணக்கில் ஆடியபோது, உணவு, தேநீர் இடைவேளைகளில் அவரருகே அமர்ந்து மனத்தைத் தளரவிடாமல் காத்தவர் வெரிட்டிதான். ஹட்டனின் அந்தச் சாதனையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

5. போர் வந்தது

1938 இலையுதிர் காலத்திலேயே ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்துவிட்டது. வரப்போவதை வெரிட்டி உணர்ந்தார். தமக்கு அறிமுகமான ஓர் இராணுவ அதிகாரியிடம் சென்று, போர் வந்தால் தாம் என்ன செய்யலாம் என்று கேட்டார். அவர் இராணுவக் கல்வி நூல்கள் சிலவற்றைக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் தென்னாபிரிக்காவுக்குச் சென்ற இங்கிலாந்து அணியில் வெரிட்டியும் இருந்தார். அந்தப் பயணத்தில் அந்த நூல்கள் அவரோடு போயின. அதே பயணத்தில்தான் டர்பனில் முடிவே இல்லாமல் நீண்ட டெஸ்ட் போட்டி நடந்தது. கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பதால் அது வெற்றி தோல்வியின்றி நிறுத்தப்பட்டது. அந்தப் போட்டியில் அவர் வீசிய பந்துகள் 766.

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜேர்மனி போலந்துக்குள் புகுந்தது. அன்று ஹோவ் என்ற கடற்கரை நகரில் சசெக்ஸ் அணிக்கு எதிரான போட்டியின் கடைசி நாள். ஈரத் தரையில் வெரிட்டி ஆறு ஓவர்கள் வீசி, 9 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தார். சசெக்ஸ் 33க்குச் சுருண்டது. யோர்க்‌ஷயர் வீரர்கள் பேருந்தில் ஏறி வீடு திரும்பினார்கள். இரண்டு நாளில் பிரித்தானியா போர் அறிவித்தது. அந்த ஆறு ஓவர்களே முதல்தரக் கிரிக்கெட்டில் வெரிட்டியின் கடைசிப் பந்துவீச்சு.

அவர் யோர்க்‌ஷயர் மாகாணத்தின் கிறீன் ஹவார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து கப்டன் நிலைக்கு உயர்ந்தார். விளையாட்டு உலகில் கூலி வீரர் என்று வேறு வாசலால் நுழைந்தவர், போர்க்களத்தில் ஒரு கம்பனிக்குத் தலைமை தாங்கினார். 1942இல் அவருடைய படை இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே கடும் வயிற்றுக்கடுப்பு நோய் அவரை வாட்டியது. பின்னர் பாரசீகம், சிரியா, எகிப்து எனப் பயணம் நீண்டு, 1943 ஜூலையில் சிசிலித் தீவில் முடிந்தது.

ஜூலை 19ஆம் திகதி இரவு. கற்றானியா சமவெளி. தானியக் கதிர்கள் வளர்ந்த வயலின் ஊடாக அவருடைய கம்பனி முன்னேறியது. எதிரிகளின் குண்டுகளால் கதிர்கள் தீப்பற்றின. வெளிச்சத்தில் வீரர்கள் இலக்கானார்கள். வெரிட்டியின் மார்பில் காயம். எதிரியின் வலுவான நிலையாக இருந்த ஒரு பண்ணை வீட்டை நோக்கித் தொடர்ந்து முன்னேறும்படி கட்டளையிட்டுக்கொண்டே அவர் விழுந்தார். படை பின்வாங்க நேர்ந்தபோது, எரியும் வயலின் முன்னால் அவருடைய தலையைத் தன்மேல் தாங்கியபடி அவருடைய பணியாள் சிப்பாய் இருந்ததை மற்றவர்கள் கடைசியாகக் கண்டார்கள்.

ஜேர்மனியர் அவரைக் கைதியாக எடுத்தனர். காயத்துக்குச் சிகிச்சை செய்தவர்கள் எதிர்த்தரப்பு மருத்துவர்கள். இத்தாலியப் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், கசேர்த்தா நகர வைத்தியசாலையில் 1943 ஜூலை 31ஆம் திகதி இறந்தார். மனைவியும் இரண்டு ஆண்மக்களும் இங்கிலாந்தில் இருந்தார்கள். மூத்தவரின் பெயர் வில்பிரட், ரோட்ஸின் நினைவாக. இளையவரின் பெயர் டக்ளஸ், ஜார்டினின் நினைவாக. 1954இல் இங்கிலாந்து அணியை அவுஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்ற ஹட்டன், வழியில் நேப்பிள்ஸில் இறங்கி, கசேர்த்தா போர்க் கல்லறைக்குச் சென்று, அந்தக் கல்லறையில் யோர்க்‌ஷயர் அணியின் கழுத்துப்பட்டியை வைத்தார்.

6. 44 என்ற எண்

முதல்தரப் போட்டிகளில் வெரிட்டி எடுத்த விக்கெட்டுகள் 1956. சராசரி 14.90. இரண்டாயிரத்துக்கு 44 குறைவு. 1939ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் அவர் எடுத்தவை 191. அந்தக் கணக்கில் பார்த்தால் 44 விக்கெட்டுகள் என்பது சில வார வேலை. போர் இல்லாதிருந்தால் அடுத்த ஆண்டு கோடையின் தொடக்கத்திலேயே அந்த எண்ணைத் தாண்டியிருப்பார். ரோட்ஸைப் போல 52 வயது வரை ஆடியிருந்தால் என்ற கணக்கை யாராலும் போட முடியாது.

வகுப்பில் இந்த 44ஐக் கரும்பலகையில் எழுதும்போது நான் நம்மைப் பற்றியும் நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போர் நம் நாட்டையும் தொட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின் மீதும், 9ஆம் திகதி திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பலாலி விமானத் தளம் அந்தப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டதே. திருகோணமலையில் நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறையில் தொலைதேசத்து இளைஞர்கள் உறங்குகிறார்கள். கசேர்த்தாவில் உறங்கும் வெரிட்டியைப் போலவே அவர்களுக்கும் வீட்டில் யாரோ காத்திருந்தார்கள்.

பின்னர் நம் சொந்த நாட்டின் போர் வந்தது. 1990இல் வடமாகாண முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களும் அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்தன. பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. ஓடக்கூடிய பிள்ளை ஓடவில்லை. பாடக்கூடிய பிள்ளை பாடவில்லை. கணிதத்தில் கெட்டிக்காரி முகாமில் தண்ணீர்க் குடத்துக்கு வரிசையில் நின்றாள். வெரிட்டிக்கு 1956 என்ற எண்ணாவது எஞ்சியது. அதனால் எத்தனை குறைந்தது என்று நம்மால் எண்ண முடிகிறது. நம் பிள்ளைகளில் பலருக்குக் குறைந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க ஏடு ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் உம்மம்மாவிடமோ மாமியிடமோ கேளுங்கள். அவர்களிடமும் ஒரு 44 இருக்கும்.

7. நமக்கான பாடம்

போர்வீரரைப் புகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. தமக்குக் கடமை என்று தோன்றியதைத் தப்பிக்காமல் செய்த ஒரு மனிதரை மதிப்பது வேறு, போரை மதிப்பது வேறு. முன்னதைச் செய்யும் உள்ளம் பின்னதை வெறுக்கவே செய்யும். வெரிட்டியின் வாழ்விலிருந்து நான் என் மாணவியருக்குச் சொல்ல விரும்புவது மூன்று.

முதலாவது, திறமை ஓர் அமானிதம். அல்லாஹ் தந்ததை நாம் வளர்த்துப் பேண வேண்டும். வெரிட்டி 25 வயது வரை சிறு கழகங்களில் இருந்தார். வாய்ப்பு வரவில்லையே என்று கையைக் கட்டிக்கொண்டிராமல் கலையை மாற்றிக் கற்றார்.

இரண்டாவது, நேரம். அல்குர்ஆனின் 103ஆவது அத்தியாயம் காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்குவதை நீங்கள் அறிவீர்கள். ஹோவ் மைதானத்தில் வீசிய ஆறு ஓவர்களே கடைசி என்று வெரிட்டிக்குத் தெரியாது. ஆனால் அவற்றை அவர் தம் சிறந்த ஆறு ஓவர்களில் ஒன்றாக வீசினார். இன்றைய பாடத்தை, இன்றைய பயிற்சியை அப்படிச் செய்யுங்கள்.

மூன்றாவது பெற்றோருக்கு. போர் நம் பிள்ளைகளிடமிருந்து பறித்ததை நம்மால் திருப்பித் தர முடியாது. ஆனால் இன்று போர் இல்லை. பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. மகள் ஓட விரும்பினால், வரைய விரும்பினால், விஞ்ஞானம் படிக்க விரும்பினால், நம் மார்க்க ஒழுக்கத்துக்குள் அதற்கு வழி தேடிக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் தடையை நம்மால் நிறுத்த முடியாமற் போகலாம். வீட்டுக்குள்ளிருந்து வரும் தடையை நாம்தான் நிறுத்த வேண்டும்.

மாணவியர் சிந்திக்க

1. வெரிட்டியின் வெற்றியில் மழைக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு பங்கு? காரணம் காட்டி எழுதுக.

2. ஒரே அணியில் இரு வகுப்பு வீரர்கள் என்ற பழைய முறையில் உள்ள அநீதி யாது? நம் சமூகத்தில் அதைப் போன்ற ஒன்றைக் குறிப்பிடுக.

3. போரினால் படிப்போ கலையோ விளையாட்டோ பாதியில் நின்ற ஒரு மூத்தவரை உங்கள் குடும்பத்தில் சந்தித்து, அவர் செய்ய எண்ணியிருந்ததைக் கேட்டு ஒரு பக்கம் எழுதுக. அவர் சம்மதித்தால் அதை வகுப்பில் வாசிப்போம். எண்ணப்படாதவற்றை எண்ணும் வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.